ப்ரெகே: பிழைக்கு வழிவிட்ட வாட்ச்காரர்

பழைய குரோனோகிராப் கைக்கடிகாரங்களைச் சேர்க்கிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. டயலைப் பார்த்து முடித்த கையோடு வாட்ச்சைத் திருப்பிப் பின்மூடியைத் திறந்துவிடுவாங்க. அவங்களுக்கு முகம் பாதிதான். மீதிப் பாதி உள்ளே ஓடுற மூவ்மென்ட்.

அப்படி என்னதான் இருக்குன்னு பார்க்க ஆசைப்பட்டா, ஒமேகா 321 என்ற மூவ்மென்ட் ஓடுற வீடியோ ஒன்றைத் தேடிப் பாருங்க. 1969-ல் பஸ் ஆல்ட்ரின் நிலாவில் நடந்தபோது விண்வெளி உடைக்கு மேலே கட்டியிருந்த ஸ்பீட்மாஸ்டருக்குள் இருந்தது இதுதான். மேல் பொத்தானை அழுத்தினால், கோட்டைத் தூண்கள் மாதிரி நிற்கிற ஒரு சின்னச் சக்கரம் ஒரு படி திரும்பும். அந்தத் தூண்களுக்கு நடுவே ஒரு நெம்புகோலின் மூக்கு விழும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பற்சக்கரம் ஒன்று லேசாகச் சாய்ந்து, நடுவில் சும்மா நிற்கும் சக்கரத்தோடு பல் கோக்கும். விநாடி முள் கிளம்பிவிடும். நம்ம கிளட்ச் பாடம்தான், ஆனால் ஒரு ரூபாய் நாணயத்தை விடக் கொஞ்சம் பெரிய இடத்துக்குள்ளே.

இதெல்லாம் கண்ணைப் பறிக்கிற வேலை. நான் உங்களைப் பார்க்கச் சொல்வது அதற்குப் பக்கத்தில், இடவலமாக ஆடிக்கொண்டே இருக்கும் பேலன்ஸ் வீலை. அதன் மேல் முடி போல மெல்லிய ஒரு சுருள் இருக்கும். ஹேர்ஸ்பிரிங். கொசுவத்திச் சுருள் மாதிரி ஒரே தளத்தில் சுற்றிவரும் அந்தக் கம்பி, கடைசிச் சுற்றில் மட்டும் மேலே எழும்பி, உள்பக்கமாக வளைந்து போகும். யாரோ தெரியாமல் வளைத்துவிட்ட மாதிரி தெரியும். தெரிந்துதான் வளைத்தார்கள். அந்த வளைவுக்குப் பெயர் ப்ரெகே ஓவர்காயில். நிலாவுக்குப் போவதற்கு 174 வருடங்களுக்கு முன்னால் அதை வளைத்த மனிதரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அப்ரஹாம் லூயி ப்ரெகே 1747 ஜனவரி 10-ம் தேதி நூஷாடெல் என்ற ஊரில் பிறந்தார். இன்றைக்கு அது சுவிட்சர்லாந்து; அன்றைக்குப் பிரஷ்ய மன்னரின் ஆளுகையில் இருந்தது. மத நம்பிக்கைக்காகப் பிரான்சைவிட்டு ஓடிவந்த புராட்டஸ்டன்ட் வம்சம். பையனுக்கு 11 வயதாகும்போது அப்பா இறந்துவிட்டார். பள்ளிக்கூடம் அத்தோடு நின்றது. அம்மா மறுமணம் செய்துகொண்டவர் வாட்ச் தொழில் செய்கிற குடும்பத்தைச் சேர்ந்தவர். அந்த மாற்றாந்தந்தைதான் பையனைத் தொழிலில் இறக்கிவிட்டார். 15 வயதில் வெர்சாய், பாரிஸ் பக்கம் தொழில் பழக அனுப்பிவிட்டார்கள்.

பாரிஸில் பகலில் பட்டறை. கிடைத்த நேரத்தில் மஸாரின் கல்லூரியில் கணக்குப் பாடம். அங்கே அபே மாரி என்ற பாதிரியார் கணித ஆசிரியராக இருந்தார். பாதியில் படிப்பை விட்ட பையனின் மூளையைக் கண்டுகொண்டு வளர்த்துவிட்டவர் அவர்தான். கையில் அரமும் தலையில் வடிவியலும் சேர்ந்து இருக்கிற ஆள் அன்றைய வாட்ச் தொழிலில் அபூர்வம். இன்றைக்கும் அபூர்வம்தான்னு நம்ம வொர்க்ஷாப் லேப்பில் நின்று பார்த்தால் தெரியும்.

1775-ல் கல்யாணம் ஆயிற்று. அதே வருடம் சொந்தப் பட்டறை. இடம் பாரிஸ் நடுவே சேன் நதித் தீவில், கடிகாரத் துறை என்று பொருள்படும் 'கே த லோர்லோஜ்' என்ற கரையோரத் தெரு. பெயர் ப்ரெகேவால் வந்ததில்லை; அங்கே இருந்த கோபுரத்தில் ரொம்பப் பழைய பொதுக் கடிகாரம் ஒன்று உண்டு. 1776-ல் மகன் அந்துவான் லூயி பிறந்தான். 1780-ல் மனைவி செசீல் இறந்துபோனார். ப்ரெகே மறுபடி மணம் செய்துகொள்ளவே இல்லை.

அதே 1780-ல்தான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்த முதல் சரக்கும் வெளியே போனது. சாவி கொடுக்கத் தேவையில்லாத வாட்ச். 'பெர்பெச்சுவெல்' என்று பெயர் வைத்தார். உள்ளே ஒரு கனமான எடை இருக்கும். பாக்கெட்டில் போட்டு நடந்தால் எடை மேலும் கீழும் ஆடும். ஆட ஆட மெயின் ஸ்பிரிங் தானாகச் சுற்றிக்கொள்ளும். இந்த யோசனை அவருக்கு முன்னாலேயே சுவிட்சர்லாந்தில் பெர்லே போன்றவர்கள் முயன்றதுதான். நம்பி வாங்கலாம் என்கிற அளவுக்கு ஓட வைத்தவர் ப்ரெகே. ஆர்லியன்ஸ் கோமகன் வாங்கினார். 1782-ல் அரசி மேரி அந்துவானெட் கைக்கும் ஒன்று போனது. அரசி வாங்கிவிட்டால் அரசவை முழுக்க வாங்கும், இல்லையா?

1783-ல் ஒரு ஆர்டர் வந்தது. கொண்டுவந்தவர் அரசியின் மெய்க்காவல் படை அதிகாரி என்கிறார்கள், பெயர் தெரியாது. அரசிக்காக ஒரு வாட்ச். அன்றைக்குத் தெரிந்திருந்த எல்லா நுட்பமும் அதில் இருக்க வேண்டும். முடிந்த இடத்திலெல்லாம் மற்ற உலோகத்துக்குப் பதில் தங்கம் போட வேண்டும். விலைக்கு வரம்பில்லை, நாளுக்கும் வரம்பில்லை. நாம ப்ராஜெக்ட் கைடிடம் கனவு காணும் ஆர்டர். ப்ரெகே அதற்கு 160 என்ற எண்ணைக் கொடுத்து வேலையைத் தொடங்கினார்.

அதற்குள் என்னவெல்லாம் வைத்தார் என்று கேளுங்கள். தானாகச் சாவி ஏற்றிக்கொள்ளும் பிளாட்டின எடை. பொத்தானை அழுத்தினால் மணி, கால்மணி, நிமிடம் மூன்றையும் மணியடித்துச் சொல்லும் ரிப்பீட்டர். லீப் வருடத்தையும் தானே கணக்கில் கொள்ளும் நாட்காட்டி. சூரியன் காட்டும் நேரத்துக்கும் கடிகாரம் காட்டும் நேரத்துக்கும் உள்ள வித்தியாசம். ஒரு வெப்பமானி. அப்புறம், நினைத்தபோது கிளப்பி, நினைத்தபோது நிறுத்தக்கூடிய தனி விநாடி முள். பின்னால் வந்த குரோனோகிராப்புக்கு இந்த முள் ஒரு மூத்த உறவு. மொத்தம் 823 பாகங்கள். நாற்பது வருடங்களுக்கும் மேலாக வேலை முடியாது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

1789-ல் புரட்சி வெடித்தது.

ப்ரெகே யார் பக்கம்? இது சுலபமான கேள்வி இல்லை. சோறு போட்டவர்கள் எல்லாம் அரசரும் பிரபுக்களும். மனசு சாய்ந்தது சீர்திருத்தம் பேசியவர்கள் பக்கம். நெருங்கிய நண்பர்களில் ஒருவர் ழான் பால் மாரா. பிரபுக்களின் தலை உருள வேண்டும் என்று பத்திரிகையில் எழுதித் தள்ளிய அதே மாரா. அவரும் நூஷாடெல் பகுதிக்காரர். ஒருமுறை மாரா தங்கியிருந்த வீட்டைக் கோபமான கூட்டம் சூழ்ந்தபோது, ப்ரெகே அவருக்குக் கிழவி வேஷம் போட்டு, கையைக் கோத்து நடத்திக் கூட்டத்துக்கு நடுவே வெளியே கொண்டுவந்தார் என்று ஒரு கதை உண்டு. அதற்குக் கைம்மாறாகத்தான் நாட்டைவிட்டு வெளியேறும் அனுமதிச் சீட்டை மாரா வாங்கிக் கொடுத்தார் என்று கதை தொடரும். கிழவி வேஷத்துக்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன். சீட்டு கிடைத்தது என்னவோ நிஜம்.

1792-ல் அரசியைத் தாம்பிள் கோட்டையில் அடைத்தார்கள். அங்கிருந்து அவர் கேட்டு வாங்கியது எளிமையான ஒரு ப்ரெகே வாட்ச் என்று சொல்லப்படுகிறது. எல்லா நுட்பமும் நிறைந்த 160 பட்டறையில் பாதியில் கிடந்தது. 1793 ஜூலையில் மாரா கொல்லப்பட்டார். ஆகஸ்டில் ப்ரெகே மகனைக் கூட்டிக்கொண்டு சுவிட்சர்லாந்துக்குக் கிளம்பிவிட்டார். அக்டோபர் 16-ம் தேதி அரசியின் தலை வெட்டப்பட்டது. எந்தக் கைக்காக அந்த வாட்ச் செய்யப்பட்டதோ, அந்தக் கை இப்போது இல்லை.

பதினெட்டு வருடம் கட்டிய தொழிலை விட்டுவிட்டு, 46 வயதில், பிறந்த பகுதிக்கே திரும்பியிருக்கிறார் மனிதர். ஜெனீவாவில் கொஞ்ச நாள், நூஷாடெலில் கொஞ்ச நாள், பிறகு லெ லோக்ள் என்ற மலையூரில் ஒரு சின்னப் பட்டறை. பெரிய வாடிக்கையாளர்கள் இல்லை. பணமும் பெரிதாக இல்லை. யோசிக்க நேரம் மட்டும் நிறைய இருந்தது. 1795-ல் பாரிஸுக்குத் திரும்பியபோது கடிகாரத் துறைப் பட்டறை நாசமாகிக் கிடந்தது. ஆனால் அவர் வெறுங்கையோடு வரவில்லை. அடுத்த சில வருடங்களில் அவரிடமிருந்து வந்தவைதான் இன்றைக்கும் உங்க கையில் இருக்கிற எந்த மெக்கானிக்கல் வாட்ச்சிலும் ஏதோ ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

இந்த இடத்தில் கொஞ்சம் மெதுவாகப் போகலாம். ப்ரெகே என்றால் அழகான முள், அழகான எண்கள் என்றுதான் முதலில் சொல்வார்கள். நுனிக்குக் கொஞ்சம் முன்னால் சின்ன வட்டத்துளை வைத்த அந்த நீல முட்கள் அழகுதான், மறுக்கவில்லை. எனக்கு அவர் பிடித்துப்போன காரணம் வேறு. அவருடைய பெரிய வேலைகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே மனப்போக்கு தெரியும். பிழையே வராத இயந்திரம் செய்ய அவர் மெனக்கெடவில்லை. பிழை வரத்தான் செய்யும். வந்தால் அது எந்த வழியாகப் போக வேண்டும் என்று முன்கூட்டியே பாதை போட்டு வைத்தார்.

முதலில் அந்தக் கடைசிச் சுற்று. ஹேர்ஸ்பிரிங்கின் உள்முனை பேலன்ஸ் வீலின் அச்சில், வெளிமுனை அசையாத ஒரு கட்டையில். சக்கரம் ஆட ஆடச் சுருள் விரியும், சுருங்கும். வெளிமுனை ஒரு பக்கமாகக் கட்டுண்டு கிடப்பதால், தட்டைச் சுருள் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி விரியாது, ஒருபக்கமாகத்தான் புடைக்கும். அதனால் அச்சு பக்கவாட்டில் தள்ளப்படும். சாவி நிறைய இருக்கும்போது பெரிய வீச்சு, சாவி இறங்கும்போது சின்ன வீச்சு. இரண்டுக்கும் ஆகும் நேரம் ஒன்றாக இருக்க வேண்டும். தட்டைச் சுருளில் அது தவறும். ஜான் ஆர்னால்டு என்ற ஆங்கிலேயர் கப்பல் கடிகாரங்களுக்கு, உருளை போல உயர்ந்து நிற்கும் சுருள் செய்து, அதன் முனைகளை உள்நோக்கி வளைத்து இதைச் சமாளித்திருந்தார். ஆனால் அந்த உயரம் பாக்கெட் வாட்ச்சுக்குள் அடங்காது. ப்ரெகே தட்டைச் சுருளையே வைத்துக்கொண்டு, கடைசிச் சுற்றை மட்டும் தூக்கி உள்ளே வளைத்தார். இப்போது சுருள் மையத்தைச் சுற்றிச் சமமாக விரியும், ஒரு மார்பு மூச்சு விடுகிற மாதிரி. அந்த வளைவு சரியாக எப்படி இருக்க வேண்டும் என்ற கணிதத்தை பிலிப்ஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1861-ல்தான் எழுதினார். அதுவரை 66 வருடம், தியரி இல்லாமல் கைப்பழக்கத்தில் வளைத்துக்கொண்டிருந்தார்கள்!

இரண்டாவது, புறப்படுவதற்கு முன்பே, 1790 வாக்கில் செய்தது. பேலன்ஸ் வீல் அச்சின் முனைகள் ஊசி நுனி போன்றவை. வாட்ச் கீழே விழுந்தால் முதலில் முறிவது அதுதான். முனையைத் தடிமனாக்கினால் உராய்வு கூடும், நேரம் கெடும். ப்ரெகே முனையைத் தொடவே இல்லை. முனை உட்காரும் கல்லை எடுத்து, வளையக்கூடிய ஒரு மெல்லிய எஃகுப் பட்டையின் மேல் உட்காரவைத்தார். அடி விழுந்தால் கல் கொஞ்சம் விலகிக் கொடுத்து, திரும்பத் தன் இடத்துக்கே வந்துவிடும். விழுவதிலிருந்து காப்பது என்ற பொருளில் பாரஷூட் என்றே பெயர் வைத்தார். 1930-களில் வந்த இன்காப்ளாக் முதலான அதிர்ச்சித் தாங்கிகள் எல்லாம் இந்த யோசனையின் வாரிசுகள். உங்க தாத்தாவிடம் பழைய எச்எம்டி இருந்தால் டயலின் அடிப்பக்கத்தைப் பாருங்க. அந்த நிறுவனம் வாட்ச் தயாரிப்பைத் தொடங்கியது ஜப்பானின் சிட்டிசன் கூட்டில். 17 ஜுவல்ஸ் என்பதோடு பாரா ஷாக் என்று பொடியாக எழுதியிருக்கும். அதே சங்கதிதான்.

மூன்றாவதுதான் எல்லோரும் பேசும் டூர்பியோன். 1801 ஜூன் 26-ல் காப்புரிமை கிடைத்தது. பாக்கெட் வாட்ச் நாள் முழுக்கப் பையில் நின்றவாக்கில் இருக்கும். பேலன்ஸ் வீலின் ஒரு பக்கம் இம்மியளவு கனம் கூடினாலும், புவியீர்ப்பு அதைப் பிடித்து இழுக்கும். ஒரு நிலையில் வாட்ச் வேகமாக ஓடும், தலைகீழாகப் பிடித்தால் மெதுவாக ஓடும். புவியீர்ப்பை நிறுத்த முடியாது. நூற்றுக்கு நூறு சமன் செய்த சக்கரத்தையும் செய்ய முடியாது. எனவே பேலன்ஸ் வீல், சுருள், எஸ்கேப்மென்ட் எல்லாவற்றையும் ஒரு சின்னக் கூண்டில் போட்டு, கூண்டையே சுழலவிட்டார். கிரில் சிக்கன் கடை வாசலில் கோழி ஏன் சுற்றிக்கொண்டே இருக்கிறது? ஒரு பக்கமே கருகக் கூடாது என்றுதானே. அதே வேலை. ஒரு பக்கத்தில் முந்துவதும் மறுபக்கத்தில் பிந்துவதும் ஒரு சுற்றில் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும்.

செய்வதற்கு மகா கஷ்டம். அவருடைய பட்டறையிலிருந்து மொத்தம் 40-க்குப் பக்கத்தில்தான் வெளிவந்தன. இன்றைக்குக் கைக்கடிகாரத்தில் டூர்பியோன் வைத்து லட்சக்கணக்கில் விற்கிறார்கள். மணிக்கட்டு எப்படியும் எல்லாப் பக்கமும் திரும்பிக்கொண்டேதான் இருக்கிறது. அங்கே அது பெரும்பாலும் நகை. ப்ரெகே அதைச் செய்தது பையில் அசையாமல் நிற்கும் வாட்ச்சுக்கு. இதைச் சொன்னால் சில வாட்ச் பிரியர்களுக்குக் கோபம் வரும், வரட்டும்.

திரும்பிவந்த மனிதருக்குக் கைச்செலவுக்குக்கூடப் பணம் வேண்டுமே. புரட்சிக்குப் பிறகு பிரபுக்கள் இல்லை, இருந்தவர்களிடமும் காசு இல்லை. 1797-ல் 'சூஸ்கிரிப்ஷன்' என்று ஒரு வாட்ச் அறிவித்தார். பெரிய அளவு, வெள்ளை எனாமல் டயல், ஒரே ஒரு முள். மணியும் நிமிடமும் அந்த ஒரு முள்ளிலேயே ஏறத்தாழப் படித்துக்கொள்ளலாம். எந்த ஊர் வாட்ச்காரரும் பிரித்துப் பழுது பார்க்கலாம். வாங்குபவர் விலையில் கால் பங்கை முன்பணமாகக் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில்தான் தயாரிப்பே. சுமார் 700 விற்றன. 160-ஐ வடிவமைத்த அதே மூளைதான் இதையும் வடிவமைத்தது என்று நினைத்துப் பாருங்க. 823 பாகத்தைக் கோத்தவருக்கு ஒரு முள்ளோடு நிறுத்திக்கொள்ளவும் தெரிந்திருந்தது. எனக்கு இரண்டாவதுதான் கடினம் என்று படுகிறது.

பெயர் பரவியதும் போலிகளும் பரவின. ப்ரெகே என்று கொட்டை எழுத்தில் போட்டு எவனெவனோ விற்றான். அவர் இதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். டயலில் 12-க்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய கீறலாகத் தன் கையொப்பத்தைப் பொறித்தார். நேராகப் பார்த்தால் வெறும் டயல். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் எழுத்து தெரியும். ஏலத்தில் பழைய ப்ரெகே வாங்குகிறவர்கள் இன்றைக்கும் வாட்ச்சைச் சாய்த்துப் பார்ப்பது அதனால்தான்.

மேலே ஆர்னால்டு என்ற பெயர் வந்தது அல்லவா? அவரும் ப்ரெகேவும் ஒரே தொழிலில் போட்டியாளர்கள். அவர் லண்டன், இவர் பாரிஸ். இரண்டு நாடும் அந்தக் காலத்தில் பெரும்பாலும் போரில். இவர்கள் செய்தது என்ன தெரியுமா? ஒருவர் மகனை மற்றவர் பட்டறைக்குத் தொழில் பழக அனுப்பினார்கள். ஆர்னால்டு 1799-ல் இறந்தார். 1808-ல் ப்ரெகே தன்னுடைய டூர்பியோன் ஒன்றை எடுத்து, ஆர்னால்டு செய்த பழைய குரோனோமீட்டர் ஒன்றுக்குள் பொருத்தி, நண்பரின் நினைவுக்கு மரியாதை என்று அதிலேயே பொறித்து, அவருடைய மகனுக்குக் கொடுத்தார். அப்போது நெப்போலியன் பிரிட்டனோடு வணிகமே கூடாது என்று தடை போட்டிருந்தார். அந்த வாட்ச் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஒரே பெட்டிக்குள் இரண்டு பேர் கைவேலை. ப்ரெகே செய்ததிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

நெப்போலியனும் வாடிக்கையாளர்தான். 1798-ல் எகிப்துக்குப் படையெடுத்துப் போவதற்கு முன் இரண்டு வாட்ச்சும் ஒரு பயணக் கடிகாரமும் வாங்கினார். அவரை வாட்டர்லூவில் தோற்கடித்த வெலிங்டனும் ப்ரெகே வாடிக்கையாளரே. ரஷ்ய ஜார் அலெக்சாந்தரும் அப்படித்தான். புஷ்கின், பால்சாக், துமா என்று அந்த நூற்றாண்டு எழுத்தாளர்களின் கதாபாத்திரங்கள் கையிலும் ப்ரெகே வாட்ச்சுகள் உண்டு. இந்த வாடிக்கையாளர் வரிசையில் நமக்கு முக்கியமானவர் நெப்போலியனின் தங்கை, நேப்பிள்ஸ் அரசி கரோலின் மூரா. 1810-ல் அவர் கேட்டது விசித்திரமான ஒன்று: மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் வாட்ச். ஆண்கள் பையில் வைத்தும் பெண்கள் சங்கிலியில் தொங்கவிட்டும் பழகிய காலம் அது. ப்ரெகே நீள்வட்டமாக, மணியடித்துச் சொல்லும் ரிப்பீட்டரோடு செய்து, தலைமுடியும் தங்கச் சரிகையும் பின்னிய பட்டையில் கோத்து, 1812-ல் முடித்துக் கொடுத்தார். எண் 2639. பலர் இதைத்தான் முதல் கைக்கடிகாரம் என்கிறார்கள். முதலோ இல்லையோ, அடுத்த நூறு வருடம் ஆண்கள் பையைவிட்டு வாட்ச்சை வெளியே எடுக்கவே இல்லை.

குரோனோகிராப்பின் கதையும் அவர் பட்டறை வாசலைத் தொட்டுத்தான் போகிறது. கண்டுபிடித்தவர் அவர் என்று சொல்ல முடியாது. 1816-ல் லூயி முவானே, விநாடியை 60 கூறாக்கி அளக்கும் கருவி ஒன்றை முடித்தார். அவர் ப்ரெகேவோடு நெருங்கி வேலை செய்தவர். 1821-ல் நிக்கோலா ரியூசெக் குதிரைப் பந்தயத்தில் சுழலும் டயலில் மைப்புள்ளி வைத்து நேரம் குறித்துக் காட்டினார். காலத்தை எழுதுவது என்ற பொருள்படும் குரோனோகிராப் என்ற பெயர் அந்த மையிலிருந்து வந்தது. இன்றைய வாட்ச்சில் மை போய்விட்டது, பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த மை முறையை வாட்ச்சுக்குள் அடக்கி 1822-ல் லண்டனில் காப்புரிமை எடுத்த ஃபாத்தோன் ப்ரெகேவின் மாணவர். ப்ரெகேவே 1820 வாக்கில் செய்தது இரண்டு விநாடி முட்கள் உள்ள வாட்ச்; ஒன்று ஓட ஓட, இன்னொன்றை மட்டும் நிறுத்திப் படிக்கலாம். சேகரிப்பாளர்கள் இன்று உயிரைக் கொடுத்துத் தேடும் ஸ்பிளிட் செகண்ட்ஸ் வகைக்கு அதுதான் மூதாதை. ஓடிய முள்ளை ஒரே தட்டில் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவரும் இதய வடிவக் கேமுக்கு மட்டும் 1844-ல் அடால்ஃப் நிக்கோல் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வயதான காலத்தில் பட்டங்கள் வரிசையாக வந்தன. 1815-ல் பிரெஞ்சுக் கடற்படையின் கடிகாரக்காரர். 1816-ல் அறிவியல் கழக உறுப்பினர். 11 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். 1823 செப்டம்பர் 17-ல், 76 வயதில் இறந்தார். பாரிஸின் பெர் லாஷேஸ் இடுகாட்டில் சமாதி இருக்கிறது.

160 என்ன ஆயிற்று? புரட்சியின்போது நின்றுபோன வேலையைப் பிறகு மறுபடி எடுத்தார்கள். ஆர்டர் கொடுத்தவர் இல்லை, அணிய வேண்டியவர் இல்லை, பணம் கேட்கவும் ஆள் இல்லை. ஆனாலும் வேலை நடந்தது. ப்ரெகே போய் நான்கு வருடம் கழித்து, 1827-ல், மகன் காலத்தில் முடிந்தது. ஆர்டரிலிருந்து 44 வருடம்.

1917-ல் அதை வாங்கியவர் சர் டேவிட் சாலமன்ஸ் என்ற ஆங்கிலேயர். மின்சாரத்திலும் மோட்டார் காரிலும் பைத்தியமாக இருந்த பொறியாளர். நூற்றுக்கு மேல் ப்ரெகே வாட்ச்சுகள் சேர்த்து, 1921-ல் அவரைப் பற்றி ஒரு புத்தகமும் போட்டார். அவர் மகள் எருசலேமில் ஓர் அருங்காட்சியகம் நிறுவி அப்பாவின் சேகரிப்பை அங்கே வைத்தார். 1983 ஏப்ரலில் ஒரு திருடன் உள்ளே புகுந்து 160 உட்பட 106 வாட்ச்சுகளையும் கடிகாரங்களையும் அள்ளிக்கொண்டு போனான். விற்க முடியாத பொருள். உலகத்தில் எந்த வியாபாரிக்கும் பார்த்தவுடன் தெரிந்துவிடும். இருபத்து மூன்று வருடம் எங்கோ காகிதத்தில் சுற்றிக் கிடந்து, அவன் செத்த பிறகு, 2006-2007 வாக்கில் திரும்பி வந்தது. அது கிடைக்காது என்று நினைத்து ப்ரெகே நிறுவனம் பழைய வரைபடங்களையும் படங்களையும் வைத்தே ஒரு பிரதி செய்யத் தொடங்கியிருந்தது. பிரதியை 2008-ல் முடித்து, வெர்சாயில் அரசிக்குப் பிடித்த ஓக் மரத்தின் கட்டையில் செய்த பெட்டியில் வைத்தார்கள்.

ஏரோனாட்டிகல் நண்பர்களுக்கு ஒரு துணுக்கு. விமானம் எவ்வளவு தூரம் போகும் என்று கணக்கிட நீங்க மனப்பாடம் செய்கிற ப்ரெகே ரேஞ்ச் சமன்பாடு இருக்கிறதே, அந்த ப்ரெகே இவருடைய எள்ளுப்பேரன். லூயி சார்ல் ப்ரெகே, விமானம் கட்டியவர். குடும்பம் 1870-லேயே வாட்ச் தொழிலை விற்றுவிட்டது.

பட்டறையின் பேரேடுகள் மட்டும் கைமாறிக் கைமாறி இன்றும் நிறுவனத்திடம் பத்திரமாக இருக்கின்றன. எந்த எண், யாருக்கு, என்ன விலை, எப்போது பழுதுக்கு வந்தது என்று வரிவரியாக. பழைய ப்ரெகே சேர்க்கிறவர்கள் எண்ணைக் கொடுத்துக் கேட்டால் ஏட்டைப் பார்த்துச் சொல்வார்கள். நேப்பிள்ஸ் அரசியின் கைக்கடிகாரம் இன்று எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை, எந்தச் சேகரிப்பிலும் இல்லை. அப்படி ஒன்று இருந்தது என்பதற்கு இந்த ஏடுதான் சாட்சி. கடைசியாக 1855-ல் பழுது பார்க்க வந்தது, சரிசெய்து திருப்பிக் கொடுத்தாயிற்று என்று இருக்கிறது. அதற்கப்புறம் ஒரு தகவலும் இல்லை. நீள்வட்டமாக, உள்ளே மணியடிக்கிற மாதிரி ஏதாவது பழைய வாட்ச் உங்க கண்ணில் பட்டால், எண் 2639-ஆ என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.